“லினக்ஸில் மட்டும் ஓட்டு” என்று உரிமத்தில் எழுதலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் ரப்பர் கடைக்குக் கணக்கு நிரல் எழுதிய ஒருவர், தோவாளையில் பூ கமிஷன் கடைக்குச் சீட்டுப் போடும் நிரல் எழுதிய இன்னொருவர், நாகர்கோவிலில் கடைசி ஆண்டு பொறியியல் படிக்கும் ஒரு மாணவி. மூவரும் தனித்தனியே கேட்டது ஒரே கேள்வி: “நிரலைக் கட்டற்ற மென்பொருளாக, அதாவது யாரும் ஓட்ட, படிக்க, மாற்ற, பகிரக்கூடியதாக வெளியிடப் போகிறேன். விண்டோஸில் ஓட்டக் கூடாது, லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தில் மட்டும்தான் ஓட்டலாம் என்று உரிமத்தில் ஒரு வரி சேர்த்தால் என்ன?”

இதில் இருக்கும் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ராத்திரி முழித்து எழுதி, மூலநிரலையும் சேர்த்துச் சும்மா கொடுத்தால், அது கடையில் யாரோ போட்டுக் கொடுத்த திருட்டு விண்டோஸில் போய் உட்காருகிறது. கடைக்காரருக்கு வேலை நடந்துவிடுகிறது, இயங்குதளத்தை மாற்ற ஒரு காரணமும் மிஞ்சவில்லை. “நாம் கொடுப்பது கடைசியில் விண்டோஸைத்தானே வலுப்படுத்துகிறது?” என்று மாணவி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு வரிதான் அதற்கு மருந்தா என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன். அந்த உரிமத்தோடு வெளியிட்ட பிறகும் அது கட்டற்ற மென்பொருளாகவே இருக்குமா? பிறர் எழுதிய கட்டற்ற நூலகங்களோடு (நம் நிரலுக்குள் எடுத்துச் சேர்க்கும் ஆயத்த நிரல்கள்) சேர்த்து வெளியிட முடியுமா? மீறினால் கண்டுபிடிக்க, கேட்க நம்மால் ஆகுமா? நமக்கு எவ்வளவு வேலை வைக்கும்? கடைசியாக, உண்மையிலேயே யாராவது ஒருவர் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு வருவாரா?

ஐந்தும் எனக்கு ஒரே எடை அல்ல. முதலாவது தோற்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை. ஐந்தாவதுதான் இந்தக் கேள்வி பிறந்ததற்கே காரணம் என்பதால் அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்.

## வழி 1: உரிமத்திலேயே தடை

“இந்த நிரலைக் கட்டற்ற இயங்குதளத்தில் மட்டுமே இயக்கலாம்.” ஒற்றை வரி, படிக்க எளிது. சிக்கல் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வரையறுக்கும் நான்கு சுதந்திரங்களில் முதலாவது, எண் பூஜ்யம் போட்டு வைத்திருப்பது: நிரலை எந்த நோக்கத்துக்காகவும் விரும்பியபடி இயக்கும் சுதந்திரம். நம் வரி நேராக அதன் கழுத்தில் கை வைக்கிறது. திறந்த மூல முன்னெடுப்பின் பத்து விதிகளிலும், உரிமம் பிற மென்பொருளைக் கட்டுப்படுத்தக் கூடாது, குறிப்பிட்ட தொழில்நுட்பத்தைச் சார்ந்திருக்கக் கூடாது என்று இருக்கிறது. லினக்ஸ் தொகுப்புகளில் ஒன்றான டெபியனும் இதே கண்ணோடுதான் பார்க்கும். முதன்மைக் களஞ்சியத்தில் எடுக்காது. ஆக, கட்டற்ற இயங்குதளத்துக்கு ஆள் சேர்க்கக் கொண்டுவந்த நிரலை அந்த இயங்குதளமே வாசலில் நிறுத்திவிடும்.

நோக்கம் நல்லதாக இருந்தால் விட்டுவிடுவார்களே என்று நினைக்க வேண்டாம். ஜேசான் என்ற தரவு வடிவத்தைக் கொண்டுவந்த டக்ளஸ் கிராக்ஃபோர்ட், தன் ஜேசான் உரிமத்தில் “நல்லதுக்கு மட்டும் பயன்படுத்து, கெட்டதுக்கு அல்ல” என்கிற பொருளில் ஒரு வரி வைத்தார். பாதி விளையாட்டாகத் தோன்றும் வரிதான். அதற்காகவே அறக்கட்டளையும் டெபியனும் அதைக் கட்டற்றது அல்ல என்று தள்ளின.

அடுத்து, “கட்டற்ற இயங்குதளம்” என்றால் எது? அறக்கட்டளையின் பட்டியலில் டிரிஸ்குவல், பியூர்ஓஎஸ், குவிக்ஸ் போன்றவை இருக்கின்றன. டெபியன் இல்லை, கட்டற்றதல்லாத நிரல் பொதிகளுக்கு அது தனிக் களஞ்சியம் வைத்திருக்கிறது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரும் (வன்பொருளை இயக்கும் நிரல்) வருகிறது. உபுண்டுவும் பட்டியலில் இல்லை. அந்த அளவுகோலை அப்படியே எடுத்தால் நம் மாவட்டத்தில் லினக்ஸ் பயன்படுத்துகிற அநேகம் பேர் உங்கள் உரிமத்தை மீறியவர்கள் ஆகிவிடுவார்கள். அளவைத் தளர்த்தினால் எங்கே கோடு போடுவது? ஆண்ட்ராய்டு போன் சேருமா? விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2016 முதல் இருக்கிறது. அதன் இரண்டாம் பதிப்பில் ஓடுவது நிஜமான லினக்ஸ் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அங்கே ஓட்டினால் லினக்ஸா, விண்டோஸா? நிரல் இணையச் செயலியாக ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கிறது, கடைக்காரர் விண்டோஸில் குரோம் திறந்து பார்க்கிறார் என்றால் அது எங்கே “இயங்குகிறது”? உரிமத்தில் ஒரு வரியாகத் தொடங்கியது, விளக்கத்தோடு முடியும்போது இரண்டு பக்கம் ஆகியிருக்கும்.

மாற்றிப் பகிர்பவரும் அதே சுதந்திரங்களோடு கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தை எடுத்து அதன் தலையில் இந்த வரியை ஒட்டிவிடலாம் என்ற யோசனையும் வந்தது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின் இரண்டாம் பிரிவு, மாற்றாத நிரலை இயக்க வரம்பற்ற அனுமதி உண்டு என்று உறுதி சொல்கிறது. ஏழாம் பிரிவு, யாராவது கூடுதல் கட்டுப்பாடு சேர்த்திருந்தால் பெறுபவர் அதை நீக்கிவிடலாம் என்கிறது. கட்டுப்பாட்டைச் சேர்த்தவரே பதிப்புரிமையாளர் என்றால் இது செல்லுமா என்பது அமெரிக்காவில் நியோ4ஜே என்ற தரவுத்தள நிறுவனத்தின் வழக்காகி, நீக்கக் கூடாது என்ற பக்கம் நீதிமன்றம் சாய்ந்தது. எப்படிப் பார்த்தாலும், ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்கும் காகிதம் அது. சொந்தமாக மாற்றி எழுதினால் அதற்கு ஜிபிஎல் என்ற பெயரை வைக்கவும் கூடாது.

ரப்பர் கடை நிரலை எழுதியவருக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு முட்டு இருந்தது. திரை எல்லாம் பைக்யூட்டி5 என்ற நூலகத்தில் செய்திருக்கிறார். அது ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் கிடைக்கும், இல்லையென்றால் காசு கொடுத்து வணிக உரிமம் வாங்க வேண்டும். இலவசப் பதிப்பை எடுத்துக்கொண்டு மேலே தடை போட்டால், பைக்யூட்டிக்காரர்களின் உரிமத்தை மீறியவர் அவரே. அவரைப் பொறுத்தவரை வழி 1 அங்கேயே மூடிவிட்டது. உங்கள் நிரல் எந்த எந்த நூலகத்தை இழுக்கிறது என்று முதலில் ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். பலருக்கும் பேச்சு அங்கேயே முடியும்.

சட்டம் நம்மோடு நிற்குமா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே எண்ணுகிறது. அதன் 52ஆம் பிரிவு, நிரலை முறையாகப் பெற்றவர் அது தரப்பட்ட நோக்கத்துக்காகப் பிரதி எடுப்பதும் தழுவுவதும் மீறல் ஆகாது என்று விட்டுவைத்திருக்கிறது. தரப்பட்ட நோக்கம் கணக்குப் போடுவதா, லினக்ஸில் கணக்குப் போடுவதா என்று நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். யாருக்கு எதிராக? அருமனையில் ஒரு ரப்பர் கடைக்கு எதிராகவா? கடைக்குள் போய் என்ன இயங்குதளம் என்று பார்ப்பதற்கே வழியில்லை. நிரலுக்குள் ஒரு சோதனை வைத்தாலும் மூலநிரல் கையில் இருக்கிறவர் அந்த நாலு வரியை அழித்துவிட்டு ஓட்டுவார். உரிமத்தை மதிக்கிறவர் மட்டும்தான் இதில் மாட்டுவார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் ஜிஎன்யூ திட்டம் 1983இல் அறிவிக்கப்பட்டது. ஜிபிஎல் முதல் பதிப்பு 1989இல் வந்தது. அதன் ஈமேக்ஸ் உரைத் திருத்தியும் ஜிசிசி கம்பைலரும் அந்தக் காலத்தில் ஓடியது எங்கே? தனியுடைமை யூனிக்ஸ்களில். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கர்னலை எழுதத் தொடங்கியது மினிக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல், ஜிசிசி வைத்து. மினிக்ஸ் அன்று கட்டற்றது அல்ல. 2000இல்தான் அப்படி ஆனது. “கட்டற்ற இயங்குதளத்தில் மட்டும்” என்று ஜிசிசி உரிமத்தில் இருந்திருந்தால் லினக்ஸ் கர்னல் அந்த வழியில் பிறந்திருக்காது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, இயங்குதளத்தோடு வரும் கர்னல், கம்பைலர் போன்றவற்றின் மூலநிரலையும் சேர்த்துக் கொடு என்று கேட்பதில்லை. அந்த விலக்கை எழுத்திலேயே வைத்திருக்கிறது. தனியுடைமை இயங்குதளத்தில் ஓடுவதைத் தெரிந்துதான் விட்டார்கள். டோர்வால்ட்ஸும் முதலில் காசு வாங்கி விற்கக் கூடாது என்ற தன் சொந்த உரிமத்தில்தான் வெளியிட்டார். 1992இல் அதை விட்டுவிட்டு ஜிபிஎல்லுக்கு வந்தார்.

எப்போது வழி 1 சரி? அதைக் கட்டற்ற மென்பொருள் என்று அழைக்கப் போவதில்லை, மூலநிரல் தெரியும் தனியுடைமை நிரல் என்று வெளிப்படையாகச் சொல்லப் போகிறீர்கள் என்றால் எழுதிக்கொள்ளலாம். உரிமை உங்களுடையது. எனக்கு வேறு இடம் தெரியவில்லை.

## வழி 2: ஜிபிஎல், எல்லா இயங்குதளத்துக்கும் நாமே

எங்கும் ஓட்டலாம், விண்டோஸ் இன்ஸ்டாலரும் நாமே கொடுக்கிறோம். லிப்ரெஆஃபிஸ், ஃபயர்பாக்ஸ், ஜிம்ப், விஎல்சி எல்லாம் இந்தப் பாதைதான். தமிழில் கைக்கெட்டும் உதாரணம் எ-கலப்பை. விண்டோஸில் தமிழ் யூனிகோட் தட்டச்சுப் பழகிய எத்தனையோ பேரை அது சேர்ந்தது. அவர்கள் இருந்த இடத்துக்கே போனதால்தான் சேர்ந்தது.

இந்த வழியின் ஆதாரம் இதுதான்: மனிதர் முதலில் செயலியை மாற்றுவார், இயங்குதளத்தைப் பிறகுதான். லிப்ரெஆஃபிஸ் பழகிய கடைக்கு டெபியன் போட்டுக் கொடுத்தால் அதிர்ச்சி பாதி குறையும். மறுவாதத்துக்கும் பலம் உண்டு. பழகிய பிறகும் அநேகர் விண்டோஸிலேயே இருந்துவிடுகிறார்கள். தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. எனக்குத் தெரிந்த வீடுகளில் அந்தப் பக்கம் திறந்தவர் சொற்பம்.

மறைந்திருக்கும் செலவு பெரிது. கையெழுத்துச் சான்றிதழ் இல்லாத இன்ஸ்டாலரைத் திறந்தால் விண்டோஸ் எச்சரிக்கை காட்டும். சான்றிதழ் வருடா வருடம் காசு. பைத்தான் நிரலை ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று பிடிக்கும் சங்கடம் வேறு. பிரிண்டர் ஓடவில்லை, எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்ற தொலைபேசி எல்லாம் விண்டோஸ்காரரிடமிருந்துதான் வரும். நீங்கள் லினக்ஸுக்காக எழுதியவர், உங்கள் ஞாயிற்றுக்கிழமை விண்டோஸுக்குப் போகும்.

பயனர் எண்ணிக்கைதான் நோக்கம் என்றால், அல்லது பள்ளி, தமிழ்த் தட்டச்சு, எழுத்துரு மாதிரி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டிய பொருள் என்றால், இதுவே சரி.

## வழி 3: ஜிபிஎல், ஆனால் நம் கை லினக்ஸுக்கு மட்டும்

உரிமத்தில் தடை எதுவும் இல்லை. விண்டோஸுக்கு நாம் பொதி கட்ட மாட்டோம், அங்கே வரும் பிழைக்குப் பதில் சொல்ல மாட்டோம். வேறு யாராவது கட்டினால் கட்டட்டும், அது அவர் உரிமை.

தடை விதிப்பதற்கும் உழைப்பை ஒதுக்குவதற்கும் உள்ள இந்த வித்தியாசம் முக்கியம். முதலாவது மற்றவரின் கையைப் பிடிக்கிறது. இரண்டாவது நம் கையை நாம் விரும்பிய பக்கம் வைப்பது. அதற்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. ஈமேக்ஸில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2016இல் வந்த 25.1 பதிப்பில், மேக்கில் மட்டும் வேலை செய்த பல வண்ண எமோஜியை நிறுத்திவைத்தார்கள். கட்டற்ற இயங்குதளத்தில் அது வராதவரை தனியுடைமை இயங்குதளத்துக்கு அந்தச் சலுகை வேண்டாம் என்பது கொள்கை. மேக் பயனர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோட்டை அழித்துவிட்டுத் தாங்களே தொகுத்துக்கொள்ள அவர்களுக்குத் தடை எதுவும் இருக்கவில்லை.

இது ஆளை மாற்றுமா? ஒரு ரப்பர் கடையின் காலையைப் பார்த்தால் தெரியும். கேனில் ரப்பர் பால் வந்து இறங்குகிறது. எடை போடுகிறார்கள், டிஆர்சி (பாலில் உலர் ரப்பர் எத்தனை சதவீதம் என்பது) பார்க்கிறார்கள். 40 கிலோ பாலுக்கு டிஆர்சி 34 என்றால் 13.6 கிலோ உலர் ரப்பர். டிஆர்சி ஒரு புள்ளி தவறினால் 400 கிராம் காசு யாரோ ஒருவர் கையிலிருந்து போகும். ஷீட்டுக்குத் தரம் பார்த்து வேறு விலை, ஒட்டுப்பாலுக்கு வேறு. வரிசையில் நிற்பவர் சீட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் கடைக்காரரிடம் சுதந்திரம் பேசப் போனால், “மக்கா, லினக்ஸோ கினக்ஸோ எனக்குத் தெரியாது. பால் எறங்குன உடனே சீட்டு அடிக்கணும், டிஆர்சி தப்பக் கூடாது. அதுக்கு மேல நீ என்னத்த வேணும்னாலும் போட்டுக்கோ” என்பார். அந்தக் கடைசி வாக்கியம்தான் நமக்கான கதவு. சீட்டு ஒழுங்காக அடித்துக் கொடுக்கும் டெபியன் பெட்டி ஒன்றை மேசையில் வைத்தால் அவர் இயங்குதளத்தின் பெயர் கேட்க மாட்டார்.

காலமும் தோதாக இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்பதால், கடைகளில் இருக்கும் பழைய பெட்டிகள் பலவற்றில் முறையாக ஏறாது. புதுக் கணினி வாங்கு, அல்லது இதே பெட்டியில் லினக்ஸோடு இந்த நிரலைப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் கணக்கு கடைக்காரருக்கே புரியும்.

மறைந்த செலவு: நேரில் போக வேண்டும். தெர்மல் பிரிண்டருக்கு டிரைவர் தேட வேண்டும். அதே கணினியில் டாலி ஓடுகிறது என்றால், அது விண்டோஸுக்கான மென்பொருள் என்பதால், இரண்டாவது பெட்டி இல்லாமல் நடக்காது. அந்தக் கடையை விட்டுவிடுங்கள். தவிர, யாராவது உங்கள் நிரலை விண்டோஸுக்குக் கட்டிப் பரப்பினால் மனம் ஒப்ப வேண்டும்.

களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்குள் போனால் பள்ளிக் கணினிகளில் ஜிஎன்யூ/லினக்ஸ்தான். கேரள அரசு பாடத்திட்டத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் அதன்மேல் கட்டியது. பயிற்சி கொடுக்க ஆள் இருந்தது, கெட்டுப்போனால் பார்க்க ஆள் இருந்தது. எந்த உரிமத்திலும் தடை வரி இருக்கவில்லை.

## வழி 4: ஜிபிஎல், விண்டோஸ் இன்ஸ்டாலருக்குக் காசு

மூலநிரல் எல்லோருக்கும் கட்டற்றது. லினக்ஸ் பொதி சும்மா. விண்டோஸ்காரருக்கு மட்டும் ஆயத்த இன்ஸ்டாலர் விலைக்கு. ஜிபிஎல் இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஒலிப்பதிவு நிரலான ஆர்டர் இப்படி ஆயத்தத் தொகுப்புக்குக் காசு வாங்குகிறது, எல்லா இயங்குதளத்துக்கும். ஓவிய நிரலான கிருதா தன் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலை.

இதன் வரம்பை, நிரலுக்குத் திரை செய்யும் நூலகமான க்யூட்டியின் கதை காட்டும். டிரோல்டெக் நிறுவனம் 2000இல் க்யூட்டியை லினக்ஸ் பக்கத்துக்கு ஜிபிஎல்லில் கொடுத்தது. விண்டோஸ் பதிப்புக்கு ஜிபிஎல் இல்லை. நம் ஆட்கள் கேட்கும் ஏற்பாட்டுக்கு மிகக் கிட்டத்தில் வருவது இதுதான். என்ன நடந்தது? கேடிஇ-சிக்வின் என்ற திட்டத்தின் ஆர்வலர்கள் லினக்ஸ் பக்க ஜிபிஎல் மூலநிரலை எடுத்து விண்டோஸுக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2005இல் க்யூட்டி 4 வந்தபோது டிரோல்டெக்கே விண்டோஸுக்கும் ஜிபிஎல் கொடுத்தது. அரட்டை நிரலான எக்ஸ்-சாட் தன் விண்டோஸ் பதிப்புக்குக் காசு கேட்டபோதும் பிறர் அதே மூலநிரலைத் தொகுத்து இலவசமாகக் கொடுத்தார்கள். பலர் அனுப்பிய திருத்தங்கள் அதில் இருந்ததால் சச்சரவும் எழுந்தது. ஆக, இந்தக் காசு வசதிக்கான கூலி, கதவுக்குப் பூட்டு அல்ல. உங்கள் நிரலில் பிறர் எழுதிய வரிகள் இருந்தால் காசு கேட்கும் முன் அவர்களிடம் பேசிவிடுங்கள்.

தோவாளைக்காரருக்கு நான் சொன்னது இந்த வழி. அவர் கடைகளில் விண்டோஸ் மாறப்போவதில்லை, அவருக்கு வருமானமும் வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | கட்டற்றதா | பிற ஜிபிஎல் நிரலோடு சேருமா | காவல் காக்க முடியுமா | நம் வேலை | லினக்ஸுக்கு ஆள் வருமா |
|---|---|---|---|---|---|
| வழி 1: தடை | இல்லை | சேராது | முடியாது | உரிம விளக்கம் எழுதியே தீராது | அரிது |
| வழி 2: எங்கும் | ஆம் | சேரும் | தேவையில்லை | மிக அதிகம் | மெதுவாக, சிலர் |
| வழி 3: நம் கை லினக்ஸுக்கு | ஆம் | சேரும் | தேவையில்லை | நேரில் போகும் அலைச்சல் | கடை கடையாக, ஆம் |
| வழி 4: விண்டோஸுக்குக் காசு | ஆம் | சேரும் | தேவையில்லை | நடுத்தரம் | கொஞ்சம், காசு வரும் |

## நீங்கள் எழுதியது செயலியா, நூலகமா

மேலே சொன்னதெல்லாம் கடையில் ஓடும் செயலிக்கு. மாணவி எழுதியது மற்ற நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் தமிழ்ச் சொல் பிரிப்பு நூலகம். அங்கே அவர் தேடும் ஆயுதம் ஏற்கெனவே இருக்கிறது. நூலகத்தைத் தளர்வான எல்ஜிபிஎல்லில் விடாமல் முழு ஜிபிஎல்லில் விட்டால், அதைச் சேர்த்து விநியோகிப்பவர் தன் நிரலையும் ஜிபிஎல்லில் கொடுத்தாக வேண்டும். ஜிஎன்யூ ரீட்லைன் நூலகத்துக்காகவே சிலிஸ்ப் என்ற நிரல் 1990களின் தொடக்கத்தில் ஜிபிஎல்லுக்கு மாறியது. ஓட்டுகிறவரை அது தொடவில்லை. எடுத்து விநியோகிப்பவரிடம் மட்டும் பதிலுக்குப் பதில் கேட்கிறது. நூலகம் சர்வரில் ஓடும் சேவைக்குள் போகும் என்றால் ஏஜிபிஎல்லைப் பார்க்கலாம். மாற்றிய நிரலை வலை வழியே பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கொடுக்கச் சொல்வது அது.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றை முதலில் சரிபாருங்கள்: நிரல் உங்களுடையதுதானா? பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேலை ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு அந்த வேலையின் பகுதியாக எழுதியதற்கு, மாறாக உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. குலசேகரத்துக்காரர் பகலில் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவர். ரப்பர் நிரல் ராத்திரியில் எழுதியதுதான், ஆனாலும் நிறுவன மடிக்கணினியில். அவர் உரிமக் கோப்பைத் தொடும் முன், இது எங்கள் வேலை அல்ல, எங்களுக்கு இதில் உரிமை இல்லை என்று நிறுவனத்திடம் எழுத்தில் இரண்டு வரி வாங்கச் சொல்லியிருக்கிறேன். மாணவி சம்பளக்காரர் அல்ல. ஆனாலும் கல்லூரியில் திட்டப்பணி சேரும்போது கையெழுத்திட்ட படிவத்தை ஒரு தடவை எடுத்துப் படித்துவிட வேண்டும்.